மலைப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு: நான்கு நாளில் ஒரு வாரம்

நீலகிரியில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஆணை கிடைத்து, ஒன்றாம் வகுப்பு உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறதா? ஆசிரியர் கையேடு இருக்கும், பயிற்சி நூல் இருக்கும், வட்டார வள மையத்தில் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கையேட்டில் இருப்பது ஐந்து நாள் வாரம். இங்கே பல வாரங்களில் நான்கு நாள்தான் கைக்குக் கிடைக்கும். மழைக்கு விடுமுறை விடுவார்கள், மரம் விழுந்து பஸ் வராது, வழியில் யானை நிற்கிறது என்று பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 11 வருடமாக ஒன்று முதல் மூன்று வரை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறேன். வந்த முதல் வருடம் ஐந்து நாளுக்கும் நெருக்கமாகத் திட்டம் எழுதினேன். ஆகஸ்ட் முடிவதற்குள் இரண்டு வாரம் பின்தங்கி, அதை எட்டிப்பிடிக்க ஓடி, பிள்ளைகளையும் ஓடவைத்தேன். அவர்களுக்கு ஒன்றும் மனதில் தங்கவில்லை. அதற்கப்புறம் மாற்றிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். திட்டம் நான்கு நாளுக்கு, வெள்ளிக்கிழமை காலி. அந்த நான்கு நாளும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வர வேண்டும். முதல் நாள் காதில் விழட்டும், அடுத்த நாள் கைக்கு வரட்டும், அப்புறம் எண்ணிப் பார்க்கட்டும், பிறகு வெளியே போய்த் தேடட்டும். ஒரு நாள் வராத பிள்ளைக்கும் அந்த வாரத்தின் நூல் அறுந்துபோகாது.

பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்

முதல் வாரம் பாடத்தைத் தொடாதீர்கள். எமிஸில் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) இருக்கிற பெயர்ப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: வீட்டில் என்ன மொழி, காலையில் யார் கொண்டுவந்து விடுகிறார், எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது.

மொழிக் கட்டம்தான் இதில் முக்கியம். சின்ன வகுப்பிலேயே நான்கு மொழி இருக்கும். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிற பிள்ளை வீட்டில் படுக மொழி பேசும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பு) இருக்கிற பிள்ளைக்குத் தமிழ்தான், ஆனால் பல சொற்கள் வேறாக இருக்கும். அவர்களில் பலர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். குறும்பர், இருளர், கோத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழி உண்டு. கூடலூர், பந்தலூர் போனால் மலையாளமும் பணியர், காட்டுநாயக்கர் மொழிகளும் சேர்ந்துகொள்ளும். இப்போது ஜார்க்கண்ட், அசாமிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தமிழில் ஒரு சொல்கூடக் கேட்காமல் ஜூன் மாதம் வந்து உட்காரும் பிள்ளையை 'மந்தம்' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

வீட்டு மொழியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டாம். அது உங்களுக்குத் துணைக்கருவி. படுகத்தில் பால் என்பது ஹாலு, பத்து என்பது ஹத்து. தமிழில் ப வருகிற பல இடங்களில் அங்கே ஹ வரும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு விளையாட்டு வைத்தால், ப என்கிற எழுத்து அதற்குப் பிறகு மறக்காது. ஒவ்வொரு மொழியிலும் தண்ணீர், பசி, ஒன்றுக்குப் போக வேண்டும், வலிக்கிறது என்ற நான்கையாவது பெற்றோரிடம் கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் இந்த நான்கும் பாடப்புத்தகத்தைவிட அவசியம்.

வாரம் தொடங்கும் முன்: ஒரு டப்பா பொருள்

துணைக்கருவிகளைக் கடையில் வாங்க வேண்டாம். பள்ளியைச் சுற்றியே கிடைக்கும்.

கற்பூர மரத்துக் காய் எங்கள் வகுப்பின் செல்வம். பொத்தான் மாதிரி கெட்டியாக இருக்கும், உருண்டு ஓடாது, ஐந்து வயது விரலுக்குப் பிடிக்க வாகாக இருக்கும், வாசனையும் உண்டு. 200 காய் பொறுக்கி, கழுவிக் காயவைத்து ஒரு தகர டப்பாவில் போடுங்கள். கவாத்து வெட்டுகிற காலத்தில் தேயிலைக் குச்சி நிறையக் கிடைக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, முனையைத் தேய்த்து வைத்துக்கொண்டால் பத்துக் கட்டு கட்ட உதவும். அப்புறம் சில்வர் ஓக் இலை. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. இதை எதற்கு என்று புதன்கிழமைக்கு வரும்போது சொல்கிறேன்.

பயிற்சியில் காட்டுகிற சில கைவேலைகளுக்குப் பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல் எல்லாம் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கீழே கோவையில் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சாக்பீஸை எப்போதும் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜூலை மாதம் மேசைமேல் திறந்து வைத்தால் இரண்டே நாளில் ஈரம் ஏறி, பலகையில் எழுதினால் வழுக்கும்.

திங்கள்: காது

நான் உதாரணத்துக்கு ட, ப, ம என்ற மூன்று எழுத்து வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையேட்டில் அந்த வாரம் எந்த எழுத்து இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த பிறகு எங்கள் முதல் பாடவேளையே மாறிவிட்டது. அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுகிற வீடுகளில், வெறும் டீயோடு பிள்ளை வந்த காலத்தைப் பார்த்தவள் நான். வயிறு நிறைந்த பிள்ளை பாட்டுக்குக் கை தட்டுகிற சத்தமே வேறு.

வட்டமாக உட்காரவையுங்கள். முதல் வேலை வானிலைப் படம். வெயில், மழை, மேகமூட்டம், பனி என்று நான்கு வகை அட்டை, வகைக்குச் சில, வரைந்து வையுங்கள். ஒரு பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு சரியான அட்டையை எடுத்து அன்றைய கிழமைக்கு நேரே மாட்ட வேண்டும். ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் கிழமைகளின் பெயர், வரிசை, முழு வாக்கியம் பேசுவது எல்லாம் இதில் வந்துவிடும்.

அதற்குப் பிறகு சத்தம். எழுத்தைக் காட்டவே வேண்டாம், திங்களன்று அது காதுக்கான விருந்து. ம-வில் தொடங்குவது என்னென்ன? மழை, மலை, மாடு, மஞ்சள். ப-வில்? பனி, பால், பட்டாணி. ட-வுக்கு வந்தால் ஒரு சங்கடம். இலக்கணப்படி தமிழ்ச் சொல் ட-வில் தொடங்காது. பிள்ளைகளோ டீ, டப்பா, டார்ச் என்று அடுக்குவார்கள். மறுக்காதீர்கள், அதெல்லாம் அவர்கள் வீட்டில் தினமும் புழங்குகிற சொற்கள். இலக்கணம் பின்னால் வரட்டும்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். "டீச்சர், பாலும் பஸ்ஸும் வேற சத்தமா இருக்கே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைதான் கேட்கும். அதன் காது கூர்மை, அதன் மொழியில் அவை இரண்டு தனித்தனி ஒலிகள். "ஆமா கண்ணு, சரியாச் சொன்ன. சத்தம் ரெண்டு, தமிழ்ல எழுத்து ஒண்ணு" என்று சொல்லுங்கள். அது போதும்.

செவ்வாய்: கை

இன்று எழுத்தின் உருவம். ட எழுத இரண்டு கோடு: மேலிருந்து இறங்கி வலப்பக்கம் ஓடும். அதோடு ஒரு கோடு மேலே ஏறினால் ப. ஏறிய கோடு உள்பக்கம் வளைந்து இறங்கினால் ம. இந்த மூன்றையும் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவதில்லை. முதலில் காற்றில் முழுக் கையால் எழுதட்டும், பிறகு பக்கத்துப் பிள்ளையின் முதுகில் விரலால், அப்புறம் தட்டில் பரப்பிய மணலில், கடைசியாகத்தான் சிலேட்டில். பயிற்சி நூலுக்குப் போகும்போது மணி மூன்றானாலும் பரவாயில்லை.

வரிசையைவிட நேரம் பெரிது என்பதை நான் கற்றது ஒரு ஜனவரி மாதத்தில். காலை முதல் வேலையாகச் சொல்வதெழுதுதல் வைத்தேன். ஒரு பெண் குழந்தை சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதாமல் அழுதாள். படிக்கவில்லை போல என்று நினைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். பதினோரு மணிக்கு வெயில் வந்து, எல்லோரையும் வெளியே திண்ணையில் உட்காரவைத்தபோது அதே பத்துச் சொல்லையும் கேட்காமலேயே எழுதிக் காட்டினாள். காலையில் அவள் விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான். குளிரில் விறைத்த விரல்களோடு குச்சியைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அதனால் டிசம்பர், ஜனவரியில் எழுதும் வேலையைக் காலையில் வைக்கவே வைக்காதீர்கள். தலைகுந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழுகிற இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வரும். காலையில் பாட்டு, ஆட்டம், கதை, உள்ளங்கையைத் தேய்த்துக் கன்னத்தில் வைக்கிற விளையாட்டு. வெயில் ஏறியதும் வெளியே பாய் விரித்து எழுத்து. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு அரசு தருகிற கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கணுக்காலணி, காலுறை எல்லாப் பிள்ளைக்கும் வந்ததா, அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க உட்காரும் பிள்ளைக்கு எந்த எழுத்தும் ஏறாது. மாற்றுக் காலுறை நான்கைந்து ஜோடி வகுப்பிலேயே வைத்திருங்கள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பும் அதே அறையில் இருந்தால் செவ்வாய்தான் கடினமான நாள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு அரும்பில் தொடங்கும். மலர் பிள்ளைகளுக்குப் படித்தல் களத்தில் (வகுப்பில் படிப்பதற்கென்று ஒதுக்கிய மூலை) புத்தகம், மொட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூலில் ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, 20 நிமிடம் அரும்போடு தரையில் உட்காருங்கள். நாற்காலியிலிருந்து கொண்டு ஒன்றாம் வகுப்பு எடுக்க முடியாது. பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வைக்கலாம், ஆனால் தினமும் அதே பிள்ளையை அல்ல. அதற்கும் அதன் பாடம் இருக்கிறது.

புதன்: எண்

மொழியைச் சற்றுத் தள்ளிவைத்து எண்ணைப் பிடியுங்கள். அந்த வார எண் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக் இலைத் துண்டு ஐந்தை உள்ளங்கையில் குலுக்கித் தரையில் போடச் சொல்லுங்கள். எத்தனை பச்சை, எத்தனை வெள்ளி? மூன்று பச்சை, இரண்டு வெள்ளி. மறுபடி போட்டால் நான்கும் ஒன்றும். இன்னொரு முறை ஐந்துமே வெள்ளி, பச்சை பூஜ்யம். ஒவ்வொரு முறையும் சிலேட்டில் இரண்டு எண்ணை எழுத வேண்டும். கூட்டல் என்ற சொல்லையே சொல்லாமல் கூட்டல் வந்துவிடும். பூஜ்யம் என்றால் என்ன என்ற விளக்கமும் தேவைப்படாது. என் வகுப்பில் பிள்ளைகள் மதிய இடைவேளையிலும் விடாமல் ஆடுகிற ஒரே கணக்கு இதுதான்.

இரண்டாம் பருவத்தில் பத்துக்கு மேல் போகும்போது தேயிலைக் குச்சிக் கட்டு. பத்துக் குச்சி சேர்ந்தால் நாரால் ஒரு கட்டு, மிச்சம் உதிரி. பதிமூன்று என்றால் ஒரு கட்டும் மூன்றும். அவிழ்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை அவிழ்க்க விடுங்கள். நான்கு முறை அவிழ்த்து எண்ணியபின் அதுவே நிறுத்திக்கொள்ளும், அன்றைக்குத்தான் பத்து அதற்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எடை, அதிகம், குறைவு எல்லாம் இவர்கள் ஏற்கெனவே அறிந்தவை. மாலையில் இலை நிறுக்கிற இடத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் இவர்கள். "நேத்து அம்மா எத்தனை கிலோ?" என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் யாருடைய அம்மா அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள். மனம் நோகிற பிள்ளை இருக்கும்.

ஆங்கிலத்துக்கு புதன் பிற்பகலில் ஒரு பாட்டு, ஐந்து சொல் போதும். முதல் பருவத்தில் அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

வியாழன்: வெளியே

சூழ்நிலையியலுக்கு நம் மலையைவிட நல்ல புத்தகம் இல்லை. ஆனால் வெளியே போகும் முன் சில காரியம் இருக்கிறது.

முந்தின நாள் மாலையே ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள்: காட்டெருமை, கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சத்துணவு அமைப்பாளரோ ஒரு பெற்றோரோ கூட வரட்டும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், அடித்திருந்தால் செடி அருகே போகவே வேண்டாம். மழைக்காலத்தில், அதுவும் கூடலூர் பக்கம், அட்டை ஏறும். திரும்பியதும் எல்லோர் காலையும் பாருங்கள். வேலியோரம் தொங்கும் பெரிய மணி மாதிரிப் பூ அழகாக இருக்கும். அது ஊமத்தை இனம், நஞ்சு. அதைக் காட்டி, தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவிட்டுப்பழமோ விக்கிப்பழமோ பறித்தால்கூட, டீச்சரிடம் காட்டிய பிறகுதான் வாயில் போட வேண்டும் என்பது வகுப்பின் சட்டமாக இருக்கட்டும்.

போனபின் 200 அடிக்கு மேல் நடக்கத் தேவையில்லை. அந்த வார எழுத்தை இங்கே தேடச் சொல்லுங்கள். பனித்துளி, மண், மரம், பட்டை. கடைப் பலகையில், பஸ்ஸின் நெற்றியில், ரேஷன் கடைச் சுவரில் ப எங்கே, ம எங்கே என்று கண்டுபிடிக்கட்டும். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு ஊரே புத்தகமாவது அப்படித்தான். முட்டைக்கோஸ் தோட்டத்தைத் தாண்டிப் போனால் வரிசை எண்ணலாம். கேரட் கழுவுகிற இடம் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், பெரிது சிறிது, நீளம் குட்டை எல்லாம் அங்கே குவியலாகக் கிடக்கும்.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு படம். படத்துக்குக் கீழே பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள், சொன்ன மாதிரியே. 'மாடு என்ன பாத்துச்சு' என்றால் அப்படியே. தன் வாய்ச் சொல் எழுத்தாக மாறுவதைப் பார்க்கிறபோது அந்த முகத்தில் வருகிற ஆச்சரியத்துக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

வெள்ளி: காலியாக வைத்த நாள்

நான்கு நாளும் முழுதாகக் கிடைத்திருந்தால் வெள்ளி ஒரு கொண்டாட்டம். வானிலை அட்டைகளை எண்ணி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், மழை மூன்று நாள், வெயில் ஒரு நாள் என்று கட்டம் தானாக உயரும். பழைய காலுறையில் பொம்மை செய்து பொம்மலாட்டக் களத்தில் ஆட்டம். யாராவது ஒரு பாட்டியை வரவழைத்து அவர் மொழியிலேயே கதை சொல்லச் சொல்லுங்கள். புரியாத பிள்ளைகளும் அசையாமல் கேட்பார்கள்.

இடையில் ஒரு நாள் போயிருந்தால் அந்த நாளின் வேலை வெள்ளிக்கு வரட்டும். அதற்காகத்தான் இந்தக் காலி.

வளரறி மதிப்பீடுகளை (பாடத்தின் இடையிடையே செய்யும் சிறு மதிப்பீடுகள்) செயலியில் ஏற்றுவது தனி வேலை. அதோடு, நீங்கள் முதல் வாரம் தொடங்கிய நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'ட, ப தெரிகிறது, ம-வைத் திருப்பி எழுதுகிறான்.' 'இந்த வாரம்தான் வாய் திறந்து பாடினாள்.' பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரும்போது இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள், மதிப்பெண்ணைவிட அதைக் கேட்கத்தான் அவர்கள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள்.

எழுத்து வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை. அம்மா களைத்து வந்து விறகோ கேஸோ பற்றவைக்கும் நேரத்தில் நோட்டைப் பிரித்துக் காட்ட அவருக்கு முடியாது. 'நம்ம வீட்டுல பத்துக்கு என்ன சொல்லுவோம்?' என்று கேட்டு வா, என்பதுபோல ஒரு கேள்வி மட்டும் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விடுமுறைக்குப் பிறகு

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமான மாதங்கள். 2009 நவம்பர் மண்சரிவில் பல உயிர்களை இழந்த மலை இது. அதனால் ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் பாடம் போகிறதே என்று வருந்தாதீர்கள். சில நாள் குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும் அறிவிப்பார்கள், காலையில் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாள்களில் ஹட்டிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதையும் நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள்.

மூன்று நாள் விடுமுறை விட்டுத் திறக்கிற காலை, பிள்ளைகள் மனம் நிறையச் செய்தியோடு வருவார்கள். தகரம் பறந்தது, கரண்ட் இல்லை, ஓடை வீட்டு வாசல்வரை வந்தது. அன்று பாடத்தைத் திறக்காமல் முதல் ஒரு மணி நேரம் அவர்களைப் பேசவிடுங்கள். பயந்த பிள்ளை பேசாது, அதற்கு வரைய ஒரு தாளும் கலர் குச்சியும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். மதியத்துக்குமேல் கற்பூரக்காய் டப்பாவைத் திறந்து, பழைய எழுத்து, பழைய எண் ஒன்றை மட்டும் விளையாட்டாகத் தொடுங்கள். புது எழுத்தை மறுநாள் தொடங்கினால் போதும்.